கண்மாயைச் சுற்றிவந்த டைம்கீப்பர்

என் அப்பா மலையாண்டி அறுபத்தெட்டு வருஷம் உயிரோடு இருந்தார். அதில் முப்பத்திரண்டு வருஷம் மதுரையில் ஒரு பஞ்சாலையில் டைம்கீப்பர். அவர் இறந்தபோது ஆலையிலிருந்து வந்த கடிதத்தில் ‘காலம் தவறாதவர்’ என்று எழுதியிருந்தார்கள். அதற்கு மேல் எழுத அவர்களுக்கு ஒன்றும் அகப்பட்டிருக்காது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அகப்பட்டிருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம், தைப்பொங்கல் முடிந்து இரண்டாவது ஞாயிறு. அப்போது எனக்குப் பதினோரு வயது. அவருடைய வாழ்க்கையை எழுது என்று யாராவது சொன்னால் அந்த ஒரு நாளை எழுதினால் போதும்.

டைம்கீப்பர் என்றால் ஏதோ பெரிய உத்தியோகம் என்று நினைத்துவிட வேண்டாம். காலையில் சங்கு ஊதியதும் ஆலைக் கதவைச் சாத்த வேண்டும். அவ்வளவுதான். மூச்சு வாங்க ஓடிவருகிற பெண்களின் மூக்குக்கு முன்னால் கதவைச் சாத்துவதில் அவருக்கு இருந்த சந்தோஷத்தை நான் தீபாவளியன்றுகூட அவர் முகத்தில் பார்த்ததில்லை. ராத்திரி சாப்பிடும்போது இன்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பினேன் என்று அம்மாவிடம் சொல்லுவார். அம்மா ரசம் ஊற்றுவாள்.

அவருடைய அப்பா திருமங்கலத்துக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் பருத்தி விதைத்தவர். இவரும் பதினாறு வயது வரை அங்கே மாடு பத்தியவர்தான். ஆலைக்குள் நுழைந்து காக்கிக் கோட்டு மாட்டியதும் அதெல்லாம் மறந்துபோய், மீனாட்சி கோவிலைக் கட்டும்போதே தன் வம்சம் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல நடந்துகொண்டார். ஊர்க்காரர் யாரைப் பார்த்தாலும் அவர் வாயில் வருகிற சொல் ‘காட்டான்’. கஞ்சி குடிப்பவன் காட்டான். சத்தமாகச் சிரிப்பவள் காட்டான். அவருடைய சொந்தத் தம்பி, எங்கள் சித்தப்பா கண்ணுச்சாமி, கூடவே ஒரே வளவில் குடியிருந்தும் கடைசி வரை காட்டான்தான்.

காட்டான்களிலேயே பெரிய காட்டான் என் தாய்மாமா முத்திருளன். அம்மாவுக்கு ஒரே அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். நகரத்துக்கு மேற்கே பனையடிக் கண்மாய்க்கரையில் பனையடிப்பட்டியில் நஞ்சையும் வெற்றிலைக் கொடிக்காலும் வைத்திருந்தார்.

எனக்கு ஐந்து வயதில் காது குத்தினார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் காது குத்த வேண்டும் என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். மாமா இரண்டு வண்டி கட்டிக்கொண்டு நெல் மூட்டை, வாழைத்தார், கிடாய், கொட்டு மேளம் எல்லாவற்றோடும் மதுரையில் எங்கள் வீடு இருந்த சிம்மக்கல்லுக்கு வந்தார். அன்றைக்கு அப்பா தன் ஆலையின் ஹெட்கிளார்க்கை விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார். தெருமுனையில் கொட்டுச் சத்தம் கேட்டதும் அப்பாவுக்கு மானம் போய்விட்டது. கொட்டை நிறுத்தச் சொல்லி ஆள் அனுப்பினார். வண்டிகளைப் பின்சந்துக்குத் திருப்பச் சொன்னார். மாமா காலைக் கழுவிக்கொண்டு பின்வாசலில் உட்கார்ந்திருக்கட்டும், பெரிய மனுஷர்கள் போன பிறகு உள்ளே வரலாம் என்று சொல்லச் சொன்னார். பிறகு, நேரமாகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, என்னைத் தூக்கி ஹெட்கிளார்க்கின் மடியில் உட்கார வைத்துக் காது குத்திவிட்டார். அந்த மடியில் மூக்குப்பொடி நாற்றம் அடித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

நான் போட்ட அலறலில்தான் மாமாவுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. அவர் சண்டை போடவில்லை. கொண்டுவந்த தோட்டை அம்மா கையில் கொடுத்தார். சீரையெல்லாம் இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியோடு திரும்பிவிட்டார். சண்டை போடாமல் போனதுதான் அப்பாவுக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து அம்மா அந்த ஊர்ப்பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். ஆறு வருஷம். ஆறரை மைல் தூரத்தில் இருக்கிற அண்ணனை ஆறு வருஷம் அம்மா பார்க்கவில்லை.

அந்தப் பொங்கலுக்கு முந்தின கார்த்திகையில், சோழவந்தானிலிருந்து வெற்றிலைக்கட்டு கொண்டுவருகிற சோணை வாசலில் நின்று அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

“தாயி, உங்கண்ணனுக்கு வண்டி குடைசாஞ்சு கால் நசுங்கிப் போச்சு. ஒரு மாசமாப் படுக்கையில கெடக்காரு. பிழைச்சது பெரிசு.”

அன்று ராத்திரி அம்மா அப்பாவின் காலைப் பிடித்தாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கெஞ்சினாள்.

“கால்தானே போச்சு? உசுரா போச்சு?” என்றார் அப்பா. திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா அழவில்லை. அதன் பிறகு அவள் அவரிடம் எதையும் வேண்டிக் கேட்பதை விட்டுவிட்டாள். கேட்டதற்குப் பதில் மட்டும் சொன்னாள். அவருக்கு அந்த வித்தியாசம்கூடத் தெரியவில்லை.

இனி அந்தப் பிக்னிக்குக்கு வருகிறேன். ஆலை மேனேஜர் துரை மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைசானியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பனையடிக் கண்மாய்க்குக் காரில் போயிருந்தார். கரையில் கொஞ்ச தூரம் நடந்தார்கள். மரத்தடியில் வெள்ளைத்துணி விரித்து ரொட்டி தின்றார்கள். கொக்கு பார்த்தார்கள். திரும்பிவிட்டார்கள். மறுநாள் துரை யாரிடமோ இதைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கதவோரம் நின்று அப்பா கேட்டிருக்கிறார். அவ்வளவுதான், அவருக்குத் தலைகால் புரியவில்லை. துரை கொஞ்ச தூரம் நடந்தார் என்றால் நாம் கண்மாய் முழுவதையும் சுற்றி வர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்.

பனையடிக் கண்மாய் என்றதும் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“முழுக்கச் சுத்தியா வரணும்?” என்று தன்னையறியாமல் கேட்டாள்.

“முழுக்கத்தான். ஒரு சுத்து. நாலரை மைல். மூணு மணி நேரம்.”

முழுக்கச் சுற்றினால் மேற்குக்கரை வரும். மேற்குக்கரையில் நின்று கூப்பிட்டால் பனையடிப்பட்டிக்குக் கேட்கும். அம்மா அன்றிலிருந்து சுறுசுறுப்பாகிவிட்டாள். அப்பா வளவில் எல்லாரிடமும் ‘எங்க வீட்டுலயும் இயற்கைக் காட்சியில ஒரு ருசி வந்துருச்சு’ என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருடைய புத்திக்கு எட்டியது அவ்வளவுதான்.

ஆலைக் காகிதம் ஒன்றில் அப்பா கால அட்டவணை எழுதினார். ஆறு மணி புறப்பாடு. ஏழே கால் கண்மாய். எட்டரைக்குச் சிற்றுண்டி. ஒன்பது முதல் ஒன்பது பத்து வரை காட்சி பார்த்தல். சித்தப்பா, அவர் சம்சாரம் சுந்தரம்மாள் சித்தி, என் தம்பிகள் இருவர், நான், அம்மா, கூடை தூக்க ஆலைப் பியூன் ஆண்டிச்சாமி என்று எட்டுப் பேர் அவரோடு சேர்த்து. இரண்டு ஜட்கா வண்டியில் போய்க் கிழக்குக்கரையில் இறங்கினோம். அப்பா ஆலைக் கோட்டு மாட்டி, காக்கிக் கால்சட்டை போட்டு, எங்கிருந்தோ இரவல் வாங்கிய தொப்பியை வைத்திருந்தார். தொப்பி பெரிசு. காதில் உட்கார்ந்திருந்தது. இறங்கியதும் எங்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிட்டார். சொந்தப் பெண்டாட்டியைச் ‘சோலையம்மாள்’ என்று கூப்பிட்டு, அவள் ‘இருக்கேன்’ என்று சொல்லும் வரை விடவில்லை.

தை மாதக் கண்மாய் நிறைந்து கிடந்தது. தண்ணீருக்கு மேல் பனி இன்னும் கலையவில்லை. நாமக்கோழிகள் தாமரைக்குள் ஓடிக்கொண்டிருந்தன. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தம்பி ஒருவன் கையை நீட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். காட்சி பார்க்கிற நேரம் ஒன்பது மணிக்கு என்று அவன் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

அம்மா ஜட்காவிலேயே கேட்டிருந்தாள், வேண்டிக் கேட்பதை விட்டவள் அன்று மட்டும். “அந்தக் கரைக்குப் போறப்ப ஒரு எட்டு ஊருக்குள்ள போயி அண்ணனைப் பாத்துட்டு வந்துறட்டுமா? கால் மணி நேரம் போதும்.”

“அட்டவணையில இருக்கா?” என்றார் அப்பா.

துரையைப் போல அப்பா வாங்கி வந்திருந்த ரொட்டியை யாராலும் விழுங்க முடியவில்லை. அம்மா கூடையின் அடியில் வைத்திருந்த எலுமிச்சம் சோற்றைத் தின்றோம். அப்பா மட்டும் துரையின் மானத்தைக் காப்பாற்ற ரொட்டியை மென்று கொண்டிருந்தார். தின்னும்போது உட்கார விரித்தது ஒரு புது எட்டு முழ வேட்டி. துரை வெள்ளைத்துணி விரித்தார் என்பதற்காக அதற்கென்றே வாங்கியது.

தொந்தரவு அதற்குப் பிறகு ஆரம்பித்தது. கண்மாய்க்குக் கரை மூன்று பக்கம்தான் உண்டு. வடக்குப் பக்கம் தண்ணீர் வந்து சேருகிற பக்கம். அங்கே கரையும் கிடையாது, பாதையும் கிடையாது, கருவேல முள்ளும் சேறும்தான். மாடு பத்திய எந்தப் பையனைக் கேட்டாலும் சொல்லியிருப்பான். மாடு பத்தியதை மறந்தவருக்கு யார் சொல்ல முடியும்? சித்தப்பா சொல்லிப் பார்த்தார். “சுத்துன்னா முழுச் சுத்துடா, காட்டான்” என்று பதில் வந்தது.

ஒரு மைல் சேற்றில் நடந்தோம். செருப்புகள் சேற்றில் புதைந்து வார் அறுந்தன. எல்லாவற்றையும் ஆண்டிச்சாமி கூடையில் போட்டுக்கொண்டார். அம்மாவும் சித்தியும் இடுப்பில் கொண்டுவந்த இரண்டு பித்தளைக் குடம் தண்ணீரும் தீர்ந்துபோயிற்று. பதினோரு மணி வெயில் மண்டையைப் பிளந்தது. சின்னத் தம்பி மயங்கி விழுவதுபோல ஆடினான். அப்பா கொஞ்சம் பயந்துபோனார். பயந்தால் அவர் உத்தரவுகளை அடுக்குவார்.

“குடத்துல கண்மாய்த் தண்ணியை மொண்டுக்கங்க. இடுப்புல வேணாம், வழுக்கும், தலையில வைங்க. அந்த வேட்டியை எடு. நாலு மூலையையும் நாலு பேர் பிடிங்க. பொம்பளைக உள்ள நடங்க, வெயில் படாது. முத்துத்தாயி, நீ தட்டை எடு. ஒரு தட்டு தட்டுனா ஒரு எட்டு. அப்பத்தான் ஒரே சீரா நடப்பீங்க. எவளும் வாயைத் திறக்கக் கூடாது, பேசினாத் தாகம் எடுக்கும்.”

வேட்டியின் முன் மூலை இரண்டைச் சித்தப்பாவும் ஆண்டிச்சாமியும், பின் மூலை இரண்டைத் தம்பிகளும் பிடித்தார்கள். அதன் கீழே அம்மாவும் சித்தியும் முந்தானையால் முக்காடு போட்டு, தலையில் நிறைகுடத்தோடு, வெறுங்காலோடு நடந்தார்கள். முன்னால் நான் வெண்கலத்தட்டைக் கரண்டியால் தட்டினேன். ணங். ஒரு எட்டு. ணங். ஒரு எட்டு. எனக்கு முன்னால் இருபது அடி தள்ளி அப்பா தொப்பியோடு போனார்.

படிக்கிறவர்களுக்கு இதற்குள் புரிந்திருக்கும். எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், பிணத்தைக் குளிப்பாட்டப் பங்காளிகளும் பெண்களும் கண்மாய்க்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். தலைக்கு மேலே வெள்ளைவேட்டியை நான்கு பேர் நான்கு மூலையில் பிடித்து வருவார்கள். முன்னால் சேகண்டி அடித்துக்கொண்டு ஒருவர் போவார். யாரும் பேச மாட்டார்கள். யாரும் அவர்களை நிறுத்தியும் பேச மாட்டார்கள். இதற்கு நீர்மாலை என்று பெயர். அப்பா எங்களை அப்படியே நீர்மாலை எடுக்க வைத்துவிட்டார். ஒன்றுகூடக் குறையவில்லை.

எனக்கும் தம்பிகளுக்கும் அது தெரியாது. சாவு வீட்டுப் பக்கம் எங்களை விட்டதே இல்லை. சித்தப்பாவுக்குத் தெரியும். அப்பா மாடு பத்தியதோடு அதையும் மறந்திருந்தார்.

“அண்ணே, இப்படி வேட்டி பிடிக்கிறது நல்லா இல்லண்ணே. தண்ணிக்குடம் வேற இருக்கு. பாக்குறவக என்ன நினைப்பாக?”

“துரைசானி குடை பிடிச்சா நாகரிகம், நாம துணி பிடிச்சாத் தப்பா? எவன்டா இங்க பாக்குறான்? நட.”

பார்த்தவர் ஒருவர் இருந்தார். நல்லகாமன் என்று பனையடிப்பட்டிக்காரர், முள்ளுக்கு அந்தப் பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அவரே என்னிடம் சொன்னார். முக்காட்டுக்குள் அம்மாவை அடையாளம் தெரிந்திருக்கிறது. துணி பிடித்தது மலையாண்டியின் தம்பி. பின்னால் பிடித்தது மலையாண்டியின் இரண்டு பையன்கள். இத்தனை பேர் இருந்தும் மலையாண்டியை மட்டும் காணவில்லை. முன்னால் காக்கி உடுப்பில் தொப்பி வைத்து ஒரு போலீஸ்காரர் போகிறார். இதற்கு மேல் அவர் என்ன யோசிக்க வேண்டும்? ஆட்டை அப்படியே விட்டுவிட்டு ஊருக்குள் ஓடினார்.

“நம்ம சோலையம்மா புருசன் கண்மாயில விழுந்து செத்துட்டாரு. போலீசு வந்துருக்கு. நீர்மாலை எடுத்துட்டுப் போறாக.”

நாங்கள் சேற்றைக் கடந்து மேற்குக்கரையில் ஏறியபோது தூரத்தில் கொடிக்காலில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். ஒவ்வொருவராகத் தலைப்பாகையை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்கள். ஊர்ப்பக்கமிருந்து பெண்கள் கொண்டையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு வரத் தொடங்கினார்கள். எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் கண் ஒரு கணம் பெரிதாகி, முன்னால் தொப்பியோடு போகிற அப்பாவின் முதுகில் போய் நின்றது. குடத்தை இறக்கியிருக்கலாம். ஒரு சத்தம் கொடுத்திருக்கலாம். முக்காட்டை எடுத்திருந்தாலே போதும். அவள் முக்காட்டை இன்னும் கொஞ்சம் இழுத்து விட்டுக்கொண்டாள்.

“தட்டு தாயி” என்றாள் என்னிடம்.

தட்டினேன். அரை மைல் தட்டிக்கொண்டே போனேன்.

மிகைத்தண்ணீர் வெளியேறுகிற கலுங்குப் பக்கத்தில் அவர்கள் எங்களை எதிர்கொண்டார்கள். நாற்பது பேர் இருக்கும். பெண்கள் மாரில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ‘போலீஸ்காரருக்கு’ மரியாதையாக வழிவிட்டு அவரைத் தாண்டி எங்களிடம் வந்தார்கள். ஒரு கூட்டம் தனக்கு வழிவிட்டதில் அப்பாவுக்கு அப்போதும் பெருமைதான். தொப்பியைத் தொட்டு ஒரு சலாம்கூட வைத்தார்.

கூட்டத்தின் கடைசியில் மாமா வந்தார். ஒரு காலை இழுத்து இழுத்து, ஊன்றுகோலை மண்ணில் குத்திக் குத்தி வந்தார். கக்கத்தில் மடித்த புதுச்சேலை. புருஷன் செத்தால் தங்கைக்குக் கோடித்துணி கொண்டு வர வேண்டியவன் கூடப்பிறந்தவன்தான். படுக்கையிலிருந்து எழுந்து, அந்தக் காலை வைத்துக்கொண்டு, தன்னைப் பின்வாசலில் உட்கார வைத்தவனுக்காக அவர் அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார். சித்தப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்.

“மாப்ள போயிட்டீகளே! உங்ககூட ஒரு வார்த்தை பேசாம ஆறு வருசத்தை வீணாக்கிட்டேனே! நான்ல வந்து பேசியிருக்கணும். என் தங்கச்சியை இப்படி நிறுத்திட்டுப் போயிட்டீகளே!”

அதுவரை ஆறு வருஷமாகத் தப்பு தன்மேல் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. சொன்னவர் மாமா.

அப்பா திரும்பி வந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

“யார்ரா செத்தது? என்னடா கூத்து இது?”

அழுகை சட்டென்று நின்றது. கூட்டம் அவரையும் தொப்பியையும் மாறி மாறிப் பார்த்தது. மாமாவுக்கு அடையாளம் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெரிந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் எப்படிச் சொல்வது? ஊன்றுகோலைப் போட்டுவிட்டு ஒற்றைக்காலில் தத்தி ஓடிவந்து அப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“மாப்ள! இருக்கீகளா! சாமி காப்பாத்திருச்சு! நான் போட்ட அழுகையெல்லாம் வீணாப் போகட்டும், நீங்க இருந்தாப் போதும் மாப்ள!”

இந்த இடத்தில் ஒரு மனிதனுக்கு ஒரு வார்த்தை வந்திருக்க வேண்டும். ‘வாங்க மச்சான்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அம்மா தலையில் குடத்தோடு அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்காமல் அவர் வாயையே பார்த்தாள். அவர் தன் கோட்டுக் கையைக் குனிந்து பார்த்தார்.

“கையை எடு. சேறு.”

மாமா கையை எடுத்துக்கொண்டார்.

“என்னைச் சாகடிக்கக் காத்துக்கிட்டுத்தான் இருந்தீங்களா எல்லாரும்? கோடியெல்லாம் தயாரா வச்சிருந்தியா? சோலை, வா. மணி பன்னெண்டே கால். பத்தரையில இருந்து வண்டிக்காரன் காத்துக் கிடப்பான்.”

அம்மா குடத்தைக் கீழே இறக்கினாள். நடக்கவில்லை. அவள் இறக்கியவிதம் அப்பாவுக்கே எதையோ சொல்லியிருக்க வேண்டும். அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

“இவங்க இப்படி நினைச்சுக்கிட்டு வாரது உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“கரை ஏறுனப்ப இருந்து.”

“தெரிஞ்சுமா வாயைத் திறக்கலை? நான் செத்துட்டேன்னு நாற்பது பேரு அழுதுக்கிட்டு வாரான், நீ பாத்துக்கிட்டா வந்தே?”

“எங்கண்ணன் வரும்னு தெரியும்” என்றாள் அம்மா. “நீங்க உசுரோட இருக்கிற வரைக்கும் வராதுன்னும் தெரியும். அதான் பேசாம வந்தேன்.”

சித்தப்பாவும் ஆண்டிச்சாமியும் இன்னும் வேட்டியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார்கள். விடச் சொல்லி அவர்களுக்கு உத்தரவு வரவில்லை. மாமா தன் கக்கத்திலிருந்த சேலையை அப்போதுதான் பார்த்தவர்போலப் பார்த்தார். வெள்ளைச்சேலை இல்லை. அவசரத்தில் வீட்டில் எது புதுசாக இருந்ததோ அதை எடுத்து வந்திருந்தார். அரக்குக் கண்டாங்கி. வருஷா வருஷம் தங்கைக்குப் பொங்கல்சீருக்கு வாங்கி, கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லாமல் பெட்டியில் போட்டு வைத்ததில் ஒன்று. அதை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

ஊர்ப் பெரியவர் விருமாண்டி தொண்டையைச் செருமினார். அவர் அப்பாவைப் பார்க்கவில்லை.

“சரிப்பா. எழவுன்னு கேட்டு எந்திரிச்சு வந்தாச்சு. ஆள் இருந்தாலும் இல்லாட்டியும் முறை முறைதான். குளிக்காம எவனும் வீட்டுக்குள்ள நுழையக் கூடாது. எறங்குங்க.”

நாற்பது பேரும் கண்மாயில் இறங்கினார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்கள் ஒரு பக்கமாகத் தள்ளி. சாவுக்குப் போய்விட்டு வந்தவர்கள் குளிக்கிற குளிப்பு அது. சத்தமும் இல்லை, நீச்சலும் இல்லை. மூன்று முறை மூழ்கி எழுவது மட்டும்தான். அப்பா கரையில் நின்று தனக்காக நாற்பது பேர் மூழ்கி எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொப்பியைக் கழற்றி, மறுபடியும் வைத்து, மறுபடியும் கழற்றினார்.

கடைசியாக அம்மா இறங்கினாள்.

“சோலை” என்றார் அப்பா. “நீ எதுக்குடி எறங்குறே?”

அவள் இடுப்பளவு தண்ணீருக்குப் போனாள். கரையைப் பார்த்துத் திரும்பி நின்றாள். அவரைப் பார்த்துக்கொண்டே ஒருமுறை மூழ்கினாள். எழுந்து, முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல், இரண்டாவது முறை மூழ்கினாள். மூன்றாவது முறை மூழ்கும்போது அப்பா, “வேண்டாம்டி” என்றார். அந்தக் குரலை நான் அதற்கு முன்பும் கேட்டதில்லை, பின்பும் கேட்டதில்லை. அவள் மூழ்கி எழுந்தாள்.

ஒன்பது மாதம் கழித்து எங்களைக் கூட்டிப்போக அப்பாவே பனையடிப்பட்டிக்கு வந்து நின்றதும், மாமா சிம்மக்கல் வீட்டுக்கு முன்வாசல் வழியாக வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், அதற்கு அப்பா பட்ட பாடும் எனக்குத் தெரியும். அதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். அதன் பிறகு முப்பது வருஷம் அந்த வீட்டில் ஒரு சமையல்காரி இருந்தாள், ஒரு டைம்கீப்பர் இருந்தார். அம்மா அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசி நான் பார்த்ததில்லை.

அன்றைக்கு அம்மா கரையேறி, மாமாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து அந்தக் கண்டாங்கியை அவளே இழுத்து வாங்கிக்கொண்டாள். பெண்கள் மறைப்புப் பிடிக்க, ஈரச்சேலையை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டினாள். ஊன்றுகோலை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். தம்பிகள் இருவரும் சித்தியின் பின்னால் நின்று அழுதார்கள். அம்மா அவர்கள் தலையைத் தடவிவிட்டு, “சித்தி பேச்சைக் கேளுங்க” என்றாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

நனைந்த கூட்டம் ஊரைப் பார்த்து நடக்கத் தொடங்கியது. ஒவ்வொருவராக அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. குறுகலான கரை. யாரும் ஏசவில்லை. யாரும் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஒருவர்கூட ‘போயிட்டு வாரேன்’ என்று சொல்லவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிறவர்கள் சொல்லிக்கொண்டு கிளம்ப மாட்டார்கள். மாமா மட்டும் பழக்கதோஷத்தில் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அம்மா அவர் கையை அழுத்தினாள். அவரும் பேசாமல் வந்தார்.

நாங்கள் அப்பாவைத் தாண்டினோம். அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். நானும் சொல்லிக்கொள்ளாமல்தான் போனேன்.